ஒரே இனம், நான்கு உடல்: கற்பனை டிராகனுக்கு வகைகள் உருவாக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கதைக்கோ காமிக்ஸுக்கோ கணினி விளையாட்டுக்கோ டிராகன் போன்ற ஓர் உயிரினத்தை உருவாக்குகிறவர்களுக்கு, "இதிலேயே நாலைந்து வகை இருந்தால் நன்றாக இருக்குமே" என்ற ஆசை சீக்கிரமே வந்துவிடும். வழுக்குவதும் அங்கேதான்.

நான் முதலில் போட்ட தாளில் பன்னிரண்டு வகை இருந்தன. சிவப்பில் தீ வகை, நீலத்தில் நீர் வகை, வெள்ளையில் பனி வகை என்று வரிசையாக. ஒருநாள் அதைக் கறுப்பு-வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்தேன். வெளியே வந்த தாளில் ஒரே பல்லி பன்னிரண்டு முறை உட்கார்ந்திருந்தது. இரண்டுக்கு மட்டும் கொம்பு கொஞ்சம் வளைந்திருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

புதிதாக வருகிறவர்களும் இதே இடத்தில் தடுக்குவதைப் பலமுறை பார்த்துவிட்டேன். நன்றாக வரையத் தெரிந்தவர்களும் தடுக்குகிறார்கள், ஏனென்றால் கோளாறு வரிசையில் இருக்கிறது. நிறத்தில் தொடங்கி உடலில் முடிக்கிறார்கள். கீழே உள்ளது அதற்கு நேர்மாறான வரிசை. எடுத்துக்காட்டுக்கு 'தழலரவு' என்ற இனத்தைக் கடைசிவரை கூடவே கொண்டுபோகிறேன். உங்கள் இனத்துக்கு உங்கள் விடைகளைப் போட்டுக்கொள்ளுங்கள்.

1. உட்காருவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் உங்கள் கற்பனை உலகத்தின் கச்சா வரைபடம். அழகாக இருக்க வேண்டியதில்லை. மலை எங்கே, காடு எங்கே, எது எதை ஒட்டி இருக்கிறது என்பது தெரிந்தால் போதும். இது இல்லாமல் வகை பிரித்தால், ஒவ்வொரு வகையும் ஏன் அப்படி ஆனது என்ற கேள்விக்கு விடை இருக்காது.

இரண்டாவது, டிரேசிங் தாள் அல்லது லேயர் வசதியுள்ள வரைகலை மென்பொருள். எல்லா வகைகளையும் ஒரே எலும்புக்கூட்டின் மேல் வைத்து வரையப்போகிறோம். மூன்றாவது, 170 செ.மீ. உயர மனித உருவம் ஒன்றை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஆள் நிற்காத டிராகனின் அளவு யாருக்கும் புரியாது.

நான்காவது, உண்மையான விலங்குகளின் படங்கள்: வௌவாலின் கை எலும்பு, முதலையின் தலை, ஓணானின் கால், கழுகின் விரிந்த இறக்கை. மற்றவர்கள் வரைந்த டிராகன் படங்களை இந்தக் கட்டத்தில் பார்க்காதீர்கள். அவர்கள் எதைப் பார்த்து வரைந்தார்களோ, அதை நேரடியாகப் பார்ப்பதுதான் லாபம்.

வண்ணப் பென்சில்கள் மேசை அறைக்குள்ளேயே இருக்கட்டும்.

எத்தனை வகை? நான்கோடு நிறுத்துங்கள். ஒவ்வொரு வகையும் மற்ற ஒவ்வொன்றிலிருந்தும் வேறுபட்டுத் தெரிய வேண்டும். நான்கு வகை என்றால் ஒப்பிட 6 ஜோடிகள். பன்னிரண்டு என்றால் 66. என் பன்னிரண்டு ஏன் ஒரே பல்லியாகப் போனது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

2. மாறாதவற்றை முதலில் எழுதுங்கள்

வகைகளைப் பற்றி யோசிக்கும் முன், எந்த வகையிலும் மாறக்கூடாதவற்றை ஒரு பட்டியலாக எழுதுங்கள். ஐந்தாறு வரி போதும். இது இல்லாவிட்டால் நீங்கள் உருவாக்குவது நான்கு வேறு விலங்குகளாக இருக்கும், ஒரே இனத்தின் நான்கு வகைகளாக இருக்காது.

முதல் வரி எப்போதும் கால், கை, இறக்கை எண்ணிக்கை. பறவை, வௌவால், ஓணான் என்று முதுகெலும்புள்ள நிலவிலங்குகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை அமைப்பு நான்கு உறுப்புகள்தான். பறவைக்கும் வௌவாலுக்கும் முன்காலே இறக்கையானது. நான்கு காலும் தனியாக இரண்டு இறக்கையும் வேண்டும் என்றால் அது ஆறு உறுப்பு உடல். கற்பனையில் தாராளமாக வைக்கலாம். ஆனால் ஒரு வகைக்கு ஆறு, இன்னொரு வகைக்கு நான்கு என்று மட்டும் வைக்காதீர்கள். அளவும் நிறமும் ஓர் இனத்துக்குள் எளிதாக மாறும். அடிப்படை எலும்பு அமைப்பு அப்படி மாறாது. புதியவர்கள் செய்யும் தவறுகளில் இதற்குத்தான் முதலிடம்.

தழலரவுக்கு நான் வைத்தவை இவை. உறுப்பு நான்கு, முன்கால்தான் இறக்கை. கையில் ஐந்து விரல். கட்டைவிரலும் சுட்டுவிரலும் நகத்தோடு வெளியே நிற்கும், மற்ற மூன்றும் இறக்கைச் சவ்வைத் தாங்கும். தாடைக்கு அடியில் ஒற்றைத் தோல்மடிப்பு. முதுகில் மூன்று வரிசைப் பெரிய செதில். முட்டையிடும். குளிர் இரத்தம்.

கடைசி இரண்டு சொற்களைப் பலர் எழுத மறந்துவிடுகிறார்கள். பாம்பையும் ஓணானையும் போலக் குளிர் இரத்த விலங்கு என்று முடிவு செய்துவிட்டால், வெயில் காய்ந்தால்தான் அது நகரும். ஆண்டு முழுக்கப் பனி மூடிய இடத்தில் அதற்கு வேலையில்லை. பனி வகை ஆசையை எனக்குக் கொன்றது இந்த ஒரு வரிதான். பனி வகை கட்டாயம் வேண்டும் என்றால் வெப்ப இரத்தம் என்று எழுதிவிட்டு, அதற்கு ஏற்ப எல்லா வகைக்கும் நிறைய இரை கொடுங்கள். உடலைச் சூடாக வைத்திருக்கச் சாப்பாடு அதிகம் வேண்டும்.

3. எது வகை, எது வகை இல்லை

ஆண், பெண், குஞ்சு, கிழம் ஆகிய நான்கும் வகைகள் அல்ல. இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. "சின்னதாகப் பச்சையாக மரத்தில் இருப்பது ஒரு வகை, பெரிதாகச் சாம்பலாகத் தரையில் இருப்பது இன்னொரு வகை" என்று எழுதிக்கொண்டு வருவார்கள். கொமோடோ உடும்பில் இந்த இரண்டும் ஒரே விலங்கின் இரண்டு வயது. குஞ்சுகள் மஞ்சள் பட்டையும் புள்ளியுமாக மரத்தில் வாழும், ஏனென்றால் கீழே இறங்கினால் பெரியவையே தின்றுவிடும். வளர்ந்தபின் நிறம் மங்கித் தரைக்கு வந்துவிடும்.

சொம்புமூக்கு முதலையில் ஆணுக்கு மட்டும்தான் மூக்கு நுனியில் அந்தச் சொம்பு. மூன்று கொம்புப் பச்சோந்தியிலும் ஆணுக்குத்தான் கொம்பு எடுப்பாக இருக்கும்.

எனவே நான் வைத்திருக்கும் வரையறை இது: ஓர் இடத்தில் பல தலைமுறையாக வாழ்ந்து, அந்த இடத்துக்கு ஏற்ப உடல் மாறி, அந்த மாற்றம் குஞ்சுகளுக்கும் போகிறது என்றால் அது வகை. இந்தப் படியிலேயே இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். பின்னால் ஆண்-பெண் வேறுபாட்டுக்கு இடம் வேண்டும். எல்லாக் கொம்பையும் வகைகளுக்கே பங்கு போட்டுவிட்டால் அப்போது கையில் ஒன்றும் மிஞ்சாது.

4. ஒவ்வொரு வகைக்கும் ஓர் இடம், ஓர் இரை, ஒரு தொல்லை

இனி வரைபடத்தை எடுங்கள். தீ, நீர், காற்று என்று பூதங்களால் பிரிக்க வேண்டாம். "நீர் டிராகன்" என்ற சொல் உடலைப் பற்றி எதுவும் சொல்லாது. நீரில் நீந்துகிறதா, கரையில் நிற்கிறதா, மீன் தின்கிறதா, பாசி தின்கிறதா? நிலத்தை ஐந்திணையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மரமும் பறவையும் விலங்கும் சொல்லி வைத்த மொழியில் எழுதுகிறோம். நிலத்தில் தொடங்குவது நமக்குப் புதிதில்லை.

ஒவ்வொரு வகைக்கும் ஒரே ஒரு வரி எழுதுங்கள்.

மலை வகை: செங்குத்துப் பாறைகள், ஆடு போன்ற விலங்குகளும் செத்த உடல்களும், தொல்லை, குளிர்ந்த காலை.

காட்டு வகை: அடர்ந்த மரங்கள்; குரங்கு அளவு விலங்குகள்; தொல்லை, குறுக்கே நிற்கும் கிளைகள்.

சதுப்பு வகை: முழங்கால் ஆழ நீர், மீன், தொல்லை, கண்ணைக் கூசவைக்கும் நீர்ப்பளபளப்பு.

மணல் வகை: மணல்மேடுகள், வளைகளில் வாழும் சிறு விலங்குகள், தொல்லை, வெயிலும் தண்ணீர்ப் பஞ்சமும்.

மூன்றாவதாகச் சொன்ன தொல்லைதான் முக்கியம். இரையைக் கேட்டால் எல்லோருக்கும் பல்லும் நகமும் மட்டும்தான் தோன்றும். தொல்லையைக் கேட்டால் இறக்கை, தோல், வால் எல்லாம் மாறத் தொடங்கும். ஒன்றுக்கு மேல் எழுத ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். மூன்று தொல்லை இருந்தால் உடல் மூன்று பக்கமும் இழுபட்டு மறுபடி பொதுவான பல்லிக்கே வந்து நிற்கும்.

5. அளவைத் தீர்மானியுங்கள், பெருக்கிப் பாருங்கள்

உருவத்துக்கு முன் அளவு. ஏன் என்பதைக் கணக்கே சொல்லும்.

தழலரவின் அடிப்படை உடல் 4 மீட்டர் நீளம், 100 கிலோ, இறக்கைப் பரப்பு 10 சதுர மீட்டர் என்று வையுங்கள். ஒரு சதுர மீட்டர் இறக்கை தாங்குவது 10 கிலோ. இதே உடலை, விகிதம் மாறாமல், 8 மீட்டராக ஆக்குங்கள். நீளம் இரண்டு மடங்கு, பரப்பு நான்கு மடங்கு, எடை எட்டு மடங்கு. ஆக 800 கிலோ, 40 சதுர மீட்டர், ஒரு சதுர மீட்டருக்கு 20 கிலோ. சுமை இரட்டிப்பானது. 2 மீட்டருக்குக் குறைத்தால் 12.5 கிலோ, 2.5 சதுர மீட்டர், சுமை 5 கிலோதான்.

எனவே பெரிய வகையைச் சின்ன வகையின் பெரிதாக்கிய படமாக வரைய முடியாது. பறக்க வேண்டும் என்றால் இறக்கை விகிதத்தைவிடக் கூடுதலாக வளர வேண்டும், அல்லது பறப்பதை விட்டுவிட வேண்டும். கால் எலும்புக்கும் இதே கதிதான். எலும்பின் வலு குறுக்குவெட்டுப் பரப்பில் இருக்கிறது. அது நான்கு மடங்கு ஏறும்போது எடை எட்டு மடங்கு ஏறுகிறது. அதனால் பெரிய விலங்கின் கால் விகிதத்தில் தடிமனாக இருக்க வேண்டும். கலிலியோ 1638-இல் வெளிவந்த தன் நூலில் சிறிய எலும்பையும் பெரிய எலும்பையும் அருகருகே படமாகப் போட்டு இதைத்தான் காட்டினார்.

மேல் எல்லைக்கு ஓர் அடையாளம் வேண்டுமா? நமக்குத் தெரிந்த மிகப் பெரிய பறக்கும் உயிர்களில் ஒன்று, டெரோசார் என்ற அழிந்துபோன பறக்கும் ஊர்வனக் கூட்டத்தின் கெட்சல்கோட்லஸ். இறக்கை விரிப்பு சுமார் 10 மீட்டர், எடை 200 முதல் 250 கிலோ என்பது பலரும் ஏற்கும் கணிப்பு. உங்கள் 5 டன் டிராகன் பறக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அதற்கு மந்திரம் தேவை, அந்த மந்திரம் எல்லா வகைக்கும் ஒரே மாதிரி வேலை செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

நான் வைத்தது: காடு 2 மீட்டர், மணல் 2.5, மலை 4, சதுப்பு 6. சதுப்பு வகையின் எடை 340 கிலோவைத் தொடுகிறது. சரி, அது பறக்காது. இந்த ஒரு முடிவு அடுத்த படியில் பாதி வேலையைச் செய்துவிடும்.

6. இறக்கையும் நெஞ்சும்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு முதலில் தெரிவது இறக்கைதான்.

இறக்கையின் அமைப்பு எல்லா வகைக்கும் ஒன்றே. அதை இரண்டாம் படியில் முடிவு செய்துவிட்டோம். இயற்கையில் சவ்வு இறக்கைக்கு வேறு வழிகளும் உண்டு: வௌவாலுக்கு நான்கு விரல்கள் தாங்குகின்றன, டெரோசாருக்கு நீண்ட நான்காம் விரல் ஒன்றே, பறக்கும் ஓணானுக்கு விலா எலும்புகள். உங்கள் இனத்துக்கு எதை வேண்டுமானாலும் எடுங்கள், ஆனால் ஒன்றை மட்டும் எடுங்கள். வகைக்கு வகை மாறுவது நீளம், அகலம், பயன் ஆகியவையே.

மலை வகைக்கு நீளமும் அகலமுமான இறக்கை. வெயிலில் சூடான காற்று மேலே எழும்பும்போது அதில் வட்டமிட்டு ஏறும் கழுகுக்கு இருப்பது போல. கடலுக்கு மேல் பறக்கும் வகை என்றால் வேறு மாதிரி இருக்க வேண்டும். ஆல்பட்ராஸின் இறக்கை 3.5 மீட்டர் வரை விரியும், ஆனால் ஒடுக்கமானது. மலையில் வாழும் ஒன்றுக்கு அந்த ஒடுக்க இறக்கையை மாட்டுகிறவர்கள் உண்டு. பார்க்கக் கம்பீரமாக இருப்பதுதான் காரணம்.

காட்டு வகைக்குக் குட்டையான, வட்டமான இறக்கை. கிளைகளுக்குள் புகுந்து திரும்ப வேண்டும், நீள இறக்கை முதல் மரத்திலேயே மாட்டிக்கொள்ளும். காட்டில் வேட்டையாடும் வல்லூறு போன்ற பறவைகளுக்கும் இறக்கை குட்டை, வால் நீளம்.

பறக்காத வகைக்கு இறக்கையை என்ன செய்வது? பலர் சிறிதாக்கி முதுகில் ஒட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அது வீணடிப்பு. வேறு வேலை கொடுங்கள். ஆப்பிரிக்காவில் ஒரு கருங்கொக்கு இறக்கைகளைத் தலைக்கு மேல் குடைபோல வளைத்து, நீரில் நிழல் விழச்செய்து மீன் பிடிக்கும். சதுப்பு வகையின் தொல்லை நீர்ப்பளபளப்பு என்று எழுதியிருந்தோம் இல்லையா? அங்கேயே விடை கிடைத்துவிட்டது. அதன் இறக்கை குறுகி, விளிம்பு தடித்து, குடையாக மாறுகிறது. மணல் வகையும் பறப்பதில்லை, அதற்கு யானைக் காது வழிகாட்டும். யானை தன் காதின் இரத்தநாளங்கள் வழியாக உடல் வெப்பத்தை வெளியேற்றும். மணல் வகையின் இறக்கைச் சவ்வு மெல்லியது, நரம்போடியது. மாலையில் விரித்து வெப்பத்தை விடும், பகலில் மடித்து முதுகின் மேல் மூடிக்கொள்ளும்.

நெஞ்சை மறக்காதீர்கள். இறக்கையை அடிக்கும் தசை நெஞ்சில் இருக்கிறது. பறக்கும் பறவைகளின் நெஞ்செலும்பில் படகின் அடிப்பகுதி போல ஒரு மேடு இருக்கும். பறக்காத நெருப்புக்கோழிக்கு அது கிடையாது. எனவே மலை வகைக்கும் காட்டு வகைக்கும் ஆழமான நெஞ்சு. சதுப்பு வகைக்கும் மணல் வகைக்கும் தட்டையான நெஞ்சு. பக்கவாட்டில் வரையும்போது இந்த ஒரு மாற்றமே இரண்டு குடும்பமாகப் பிரித்துக் காட்டிவிடும்.

7. தலை: வாய், கண், மூக்கு, இந்த வரிசையில்

வாயில் தொடங்குங்கள். இரை வாயைத் தீர்மானிக்கும், வாய் மண்டையைத் தீர்மானிக்கும். சொம்புமூக்கு முதலையையும் சதுப்புநில முதலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மீனையே நம்பி வாழும் முதலாவதுக்கு ஒடுங்கி நீண்ட வாய், நூற்றுக்கும் மேற்பட்ட கூர்மையான பற்கள். அப்படிப்பட்ட வாயை நீருக்குள் பக்கவாட்டில் வேகமாக வீச முடியும். கிடைத்ததை எல்லாம் பிடிக்கும் இரண்டாவதுக்கு அகன்ற, கனமான வாய். தழலரவில் சதுப்பு வகைக்கு ஒடுங்கிய வாய், மலை வகைக்கு ஆழமான கனத்த தாடை.

கண்ணில் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். சதுப்பு என்றதும் முதலை நினைவுக்கு வந்து, கண்ணைத் தலையின் உச்சியில் வைத்துவிட்டேன். முதலை நீருக்குள் மறைந்து கிடந்து கரையைப் பார்க்கிறது, அதற்கு உச்சிக் கண் சரி. என் விலங்கோ நின்றபடி குடை பிடித்துக் கீழே மீனைத் தேடுகிறது. படத்தைப் பார்த்த நண்பர் ஒருவர், "மீன் காலடியில் இருக்கிறது, இது ஏன் வானத்தைப் பார்க்கிறது?" என்று கேட்டார். கண்ணைத் தாடை ஓரத்துக்கு இறக்கினேன். தலையின் தோற்றமே மாறிவிட்டது, நல்லதாகவே.

காட்டு வகைக்கு இரண்டு கண்ணும் முன்னோக்கி இருக்கட்டும். அடுத்த கிளை எவ்வளவு தூரம் என்று மதிப்பிட இரண்டு கண்ணின் பார்வையும் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். உச்சிக் கண் மணல் வகைக்குப் பொருந்தும், ஏனென்றால் அது உடலைப் புதைத்துவிட்டு வெளியே பார்க்கிறது. கண்பாவை செங்கோடாக இருப்பது தரையோடு பதுங்கிப் பாயும் விலங்குகளிடம் அதிகம்; டிராகன் என்றாலே செங்கோட்டுக் கண் என்று எல்லா வகைக்கும் போட வேண்டியதில்லை. மூக்குத்துளைக்கு ஒரே குறிப்பு: மணல் வகைக்கு அது மூடிக்கொள்ளக் கூடியதாக இருக்கட்டும், ஒட்டகத்துக்கு இருப்பது போல.

8. கால், நகம், வால்

கால் எதன்மேல் நிற்கிறது என்று கேளுங்கள். பாறை, கிளை, சேறு, மணல் நான்கும் நான்கு பாதம் கேட்கும். கிளைக்கு வளைந்த கூர்நகம். தோண்டுவதற்கு நீண்ட, அகன்ற, அதிகம் வளையாத நகம். சேற்றுக்குப் பரந்த விரல். பாறைக்குப் பிடிமானம் தரும் சொரசொரப்பான அடிப்பாதம்.

முன்கையில் வெளியே நிற்கும் இரண்டு விரல்கள் இப்போது கைகொடுக்கும். காட்டு வகையில் அவை கொக்கி. மணல் வகையில் மண்வாரி. சதுப்பு வகை பறக்காததால் இறக்கையை மடித்து நான்கு காலில் நடக்கிறது, எனவே அந்த இரண்டு விரலும் பாதமாகத் தடிக்கின்றன. டெரோசார்களும் தரையில் இப்படித்தான் இறக்கையை மடித்துக்கொண்டு நான்கு காலில் நடந்தன. அவற்றின் காலடித்தடங்கள் கல்லில் பதிந்து கிடைத்திருக்கின்றன. ஒரே இரண்டு விரல் மூன்று வகையில் மூன்று வேலை செய்வதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி சாதாரணமில்லை. மாறாதவற்றின் பட்டியலை ஏன் முதலில் எழுதச் சொன்னேன் என்பது இங்கேதான் விளங்கும்.

வால்: நீந்துகிறவைக்குப் பக்கவாட்டில் தட்டையானது, முதலையையும் கடல் இகுவானாவையும் போல. காட்டு வகைக்கு நீண்ட சுக்கான் வால். மணல் வகைக்குக் குட்டையான கொழுத்த வால். பாலைவனப் பல்லிகளில் சில வாலில் கொழுப்பைச் சேர்த்து வைத்து, இரை கிடைக்காத காலத்தில் அதை வைத்தே தாக்குப்பிடிக்கும். மலை வகைக்குச் சிறியது போதும்.

9. தோல், செதில், கொம்பு

செதிலை ஒவ்வொன்றாக வரைய உட்காராதீர்கள். உள்ளங்கை அளவுக்கு ஒரு சதுரம் போட்டு, அதில் மட்டும் ஒவ்வொரு வகையின் தோலையும் வரையுங்கள். முழு உடலிலும் வரைந்தால் நேரம் போகும், வேறுபாடும் தெரியாது.

மண்ணுக்குள் போகிறவைக்கு வழுவழுப்பான செதில், உராய்வு குறைய வேண்டும் என்பதால். மண்ணுளிப் பாம்பைப் பாருங்கள்: மண்ணைப் பிளக்க ஆப்புப் போன்ற தலை, மொட்டையான வால். தண்ணீர்ப் பஞ்சத்துக்கு ஆஸ்திரேலியாவில் உடல் முழுக்க முள்ளாக இருக்கும் சிறு ஓணான் ஒன்று பாடம் சொல்லும். செதில்களுக்கு இடையிலுள்ள நுண்ணிய பள்ளங்கள் ஈரத்தை இழுத்து வாய்வரை கொண்டுபோகும்; ஈரமண்ணில் நின்றாலே அது குடிக்கத் தொடங்கிவிடும். என் மணல் வகையின் வயிறும் கால்களும் இப்படித்தான்.

கொம்பு வைப்பதற்கு முன் அது மாட்டுக் கொம்பா மான் கொம்பா என்று தீர்மானியுங்கள். மாட்டுக் கொம்பு உள்ளே எலும்பு, மேலே நகம் போன்ற உறை. வாழ்நாள் முழுக்க வளரும், உடைந்தால் உடைந்ததுதான். மான் கொம்பு முழுக்க எலும்பு. விழுந்து மறுபடி முளைக்கும், கிளைவிடும். இரண்டையும் ஒரே இனத்தில் கலக்காதீர்கள். பிறகு, எங்கே கொம்பு தடையாக இருக்கும் என்றும் பாருங்கள். காட்டிலும் மணலுக்குள்ளும் பின்னோக்கிப் படிந்த கொம்புக்குத்தான் இடம் உண்டு. விரிந்த கொம்பு மலைக்கு மட்டும்.

10. தீ

தீ கட்டாயமில்லை. வைத்தால், எல்லா வகைக்கும் ஒரே சுரப்பி, வெளிவரும் விதம் மட்டும் வேறு என்று வையுங்கள். உண்மையில் இதற்கு மிக அருகில் வருவது பாம்பார்டியர் வண்டு. இரண்டு ரசாயனங்களைத் தனியறையில் சேர்த்து வைத்து, தேவைப்படும்போது நொதி உள்ள இன்னோர் அறைக்குள் செலுத்தும். கலவை ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் பீறிட்டு வெளியே வரும். தழலரவின் தாடைமடிப்பு அந்த இரண்டு அறைகளுக்கும் மேல் உள்ள தோல்தான்.

காட்டு வகை தீ கக்கினால் அதன் வீடே எரியும். எனவே அது சூடான பிசுபிசுப்பு நீரைத் துப்புகிறது. மலை வகை பறக்கும்போது கக்கினால் எதிர்க்காற்றில் தன் முகத்துக்கே திரும்பும், ஆகவே தரையிறங்கிய பிறகுதான். சதுப்பு வகையில் மடிப்பு சுருங்கிப் பெயரளவுக்கு இருக்கிறது. ஒரு வகையிடம் ஏதோ ஒன்று இல்லாமல் போவதும் வேறுபாடுதான். எல்லோருக்கும் எல்லாம் கொடுக்கிற தாராளம் இங்கே வேண்டாம்.

11. இப்போது நிறம்

பென்சில்களை வெளியே எடுக்கலாம்.

மறைவதற்கா, காட்டுவதற்கா, வெயில் வாங்குவதற்கா என்று ஒவ்வொரு வகைக்கும் கேளுங்கள். மலை வகை கருமை, குளிர்ந்த காலையில் சீக்கிரம் சூடேற வேண்டும் என்பதால். மணல் வகை வெளிர்நிறம். ஈரமான, வெப்பமான இடங்களில் பறவைகளும் பாலூட்டிகளும் அடர்நிறமாக இருப்பதும், வறண்ட இடங்களில் வெளிறி இருப்பதும் பொதுவாகக் காணப்படுவதுதான்.

நீலத்தையும் பச்சையையும் பற்றி ஒரு செய்தி, இது எனக்கு மிகவும் பிடித்தது. முதுகெலும்புள்ள விலங்குகளில் நீல நிறமி மிக அரிது. நீலமாகத் தெரிவது பெரும்பாலும் தோலின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால். பல பச்சைப் பாம்புகள் இந்த நீலத்தின் மேல் மஞ்சள் நிறமி படிந்ததால்தான் பச்சை. மஞ்சள் போனால் அதே பாம்பு நீலம். பச்சை மர மலைப்பாம்புகளில் நீலமானவை உண்மையிலேயே உண்டு. ஆக, உங்கள் காட்டு வகையில் எப்போதாவது ஒரு நீலக்குஞ்சு பிறக்கலாம். அதற்கென்று புதிய வகை தேவையில்லை. கதைக்கு ஒரு நல்ல குஞ்சு கிடைத்தது.

ஒரு வகைக்கு ஒரு நிறம் என்று பூசாதீர்கள். முதுகு அடர்த்தி, வயிறு வெளிர் என்ற எளிய பிரிவாவது இருக்கட்டும்.

12. நிழல் சோதனை

நான்கையும் கறுப்பு மையால் முழுக்க நிரப்புங்கள். ஒரே அளவுக்குக் குறுக்குங்கள், அளவு உதவிக்கு வரக்கூடாது. பக்கத்தில் அந்த உயிரினத்தைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரை உட்காரவைத்து இரண்டு கேள்வி கேளுங்கள். எத்தனை விதமான விலங்கு இருக்கிறது? இவை சொந்தக்காரர்களா?

முதல் கேள்விக்கு "இரண்டு" என்றால் ஐந்து முதல் எட்டு வரையிலான படிகளுக்குத் திரும்புங்கள். நிறத்தையோ கொம்பையோ கூட்டிச் சரிசெய்ய முயல்வது வீண். இரண்டாவதுக்கு "இல்லை" என்றால் இரண்டாம் படியில் பொது அடையாளம் போதவில்லை என்று பொருள். எனக்கு முதல்முறை மணல் வகை தனியாக ஆமை போல நின்றது. தாடைமடிப்பு பக்கவாட்டில் தெரியும்படி தலையைக் கொஞ்சம் தூக்கினேன், சேர்ந்துகொண்டது.

இதில் தேறிய பிறகுதான் ஆண், பெண், குஞ்சு ஆகியவற்றை ஒவ்வொரு வகைக்கும் வரையுங்கள். வரைபடத்தில் இரண்டு இடங்கள் தொட்டுக்கொள்ளும் எல்லையில், இடைப்பட்ட உடலோடு ஒன்றிரண்டு இருந்தால் இன்னும் நம்பும்படி இருக்கும். கோடு போட்டுப் பிரித்தது போல விலங்குகள் வாழ்வதில்லை.

13. பெயர் கடைசியில்

பெயரை முதலிலேயே வைத்தால் உடல் பெயருக்குச் சேவகம் செய்யும். "இடிமுழக்கன்" என்று வைத்துவிட்டு அதற்குக் காரணம் தேடி அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தமிழில் விலங்குப் பெயர்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்று பாருங்கள்: கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், நத்தைகுத்தி நாரை, கொம்பேறி மூக்கன். கண்ணால் பார்த்த உறுப்பு, அல்லது கண்ணால் பார்த்த செயல். உங்கள் உலகத்து மக்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர்களுக்கு எலும்பியல் தெரியாது. சதுப்பு வகை எனக்குக் குடைவிரிப்பான் ஆனது. காட்டு வகை கொப்புதாவி. மலை வகை வெயில்காய்வான்.

மணல் வகைக்கு மட்டும் இரண்டு வாரம் பெயர் அகப்படவில்லை. நிழல் சோதனைக்கு உட்கார்ந்திருந்த பத்து வயதுப் பையன் அந்தக் கறுப்பு உருவத்தைத் தொட்டு, "இந்த மண்வெட்டித்தலையன் மட்டும் ஏன் அண்ணா தலையைத் தூக்கிட்டு இருக்கான்?" என்று கேட்டான். தாளின் ஓரத்தில் அப்படியே எழுதிக்கொண்டேன்.